களர் நிலமும் கிணற்று நீரும்: கரைசல்களின் இயல்பு பற்றிய ஒரு பாடம்

திருவண்ணாமலையை வலம் வருவோர் மலையின் மேற்புறத்தில் அடி அண்ணாமலை என்னும் ஊரைக் கடந்து செல்வது யாவரும் அறிந்ததே. அவ்வூரில் நின்று மலையை நோக்கும் விவசாயி ஒருவர் தம் சாகுபடிக்கு வேண்டிய ஒரு பாடத்தை அங்கேயே கற்கலாம். மலையுச்சியில் விழும் மழைத்துளியில் கரைந்த பொருள் மிகச் சொற்பம். அத்துளி பாறை வெடிப்புகளிலும் மண்ணிலும் ஊறி, நெடுநாட் கழித்து அடிவாரத்துக் கிணற்றை அடையும்போது பலவகை உப்புகளைத் தன்னுட் கொண்டுவிடுகின்றது. ஆகையால் நாம் கிணற்றிலிருந்து இறைப்பது வெறும் நீரன்று. அஃது ஒரு கரைசல்.

லிட்டர் ஒன்றுக்கு 1 கிராம் உப்புள்ள நீரை வாயில் இட்டால் உவர்ப்புச் சிறிதே தோன்றும். அந்நீரை ஏக்கர் ஒன்றுக்கு ஓர் அங்குல உயரம் பாய்ச்சினால் ஏறக்குறைய 1 லட்சத்து 3 ஆயிரம் லிட்டர் ஆகும். அதனுடன் 103 கிலோ உப்பு நிலத்தில் இறங்கும். ஒரு போகத்தில் மூன்று அங்குலமாகப் பத்து முறை பாய்ச்சினால் ஏக்கருக்கு 3 டன் உப்புச் சேரும். நீர் ஆவியாகிப் போய்விடும், உப்புப் போகாது. அதனை மழையும் வடிகாலும் கொண்டு சென்றாலன்றி நிலம் ஆண்டுதோறும் கெடும். பாட்டனார் காலத்தில் நன்கு விளைந்த நிலம் பேரன் காலத்தில் தரிசாவதற்குரிய காரணங்களில் இஃது ஒன்றாகும்.

இக்கேட்டை எங்ஙனம் அறிவது, எங்ஙனம் தடுப்பது, வந்தபின் எங்ஙனம் தீர்ப்பது என்பவற்றை விளங்கிக்கொள்ள ரசாயன நூலின் மூன்று அடிப்படைகளைத் தெரிந்துகொள்ளுதல் போதுமானது. அவை கரைதல், தெவிட்டுதல், சமநிலை என்பன.

1. கரைதல்

எப்பொருளும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய மூலக்கூறுகளால் ஆனது. இம்மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. நீரின் மூலக்கூற்றில் ஒரு பக்கம் சிறிது நேர்மின் தன்மையும் மறுபக்கம் சிறிது எதிர்மின் தன்மையும் உண்டு. ஆதலின் ஒரு மூலக்கூற்றின் நேர்ப்பக்கம் மற்றொன்றின் எதிர்ப்பக்கத்தைப் பற்றிக்கொள்கின்றது. இலை நுனியில் நீர் முத்துப்போல் உருண்டு நிற்பது இப்பற்றினாலேயே.

கறியுப்பு, சோடியம் குளோரின் என்னும் இரண்டின் சேர்க்கை. அதில் சோடியம் நேர்மின் துகளாகவும் குளோரின் எதிர்மின் துகளாகவும் நிற்கின்றன. இத்தகைய மின்துகள்களுக்கு அயனிகள் என்று பெயர். உப்பை நீரில் இட்டால் நீரின் மூலக்கூறுகள் ஒவ்வோர் அயனியையும் சூழ்ந்து இழுத்துத் தனித்தனியே பிரித்துக்கொண்டு போகின்றன. கரைந்த உப்பு நீரில் உப்பாக இராது, அயனிகளாகப் பிரிந்தே இருக்கின்றது என்னும் கொள்கையை நிலைநாட்டிய ஸ்வீடன் தேசத்து அர்ரேனியஸ் என்பாருக்கு 1903-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

கார்த்திகை தீபத்துக்குரிய நெய்யை நீரில் இட்டால் அது கரைவதில்லை, மேலே மிதக்கின்றது. நெய்யின் மூலக்கூறுகளில் அத்தகைய மின்பக்கங்கள் இல்லாமையால் நீர் தன் இனத்தையே பற்றிக்கொண்டு நெய்யை ஒதுக்கிவிடுகின்றது. ஒத்த இயல்புடையவை ஒன்றோடொன்று கலக்கும்; ஒவ்வாதவை விலகும் என்பதே கரைதலின் பொதுவிதி.

2. தெவிட்டுதல்

நீர் எப்பொருளையும் அளவின்றிக் கரைக்கமாட்டாது. ஓர் எல்லைக்கு மேல் இட்ட பொருள் அடியில் தங்கிவிடும். அந்நிலையிலுள்ள கரைசலுக்குத் தெவிட்டிய கரைசல் என்று பெயர். சாதாரண வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் கறியுப்பு ஏறக்குறைய 360 கிராம் கரையும். ஜிப்சம் 2½ கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே கரையும். சுண்ணாம்புக்கல்லோ தூய நீரில் ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு அளவே கரையும்.

இம்மூன்று எண்களையும் விவசாயிகள் மனத்திற் கொள்ளுதல் நலம். உப்பு எளிதிற் கரைவதால் எளிதில் நிலத்தினுள் நுழைகின்றது. நல்ல நீர் கிடைத்தால் எளிதில் வெளியேறவும் செய்யும். சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஏராளமாக இருப்பினும் கரையாமையால் பயிருக்கும் மண்ணுக்கும் உடனே உதவுவதில்லை. ஜிப்சம் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கின்றது. அதனாலேயே அது களருக்கு மருந்தாகின்றது. தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே உத்தத்தூர் முதலிய இடங்களின் களிமண் அடுக்குகளில் ஜிப்சம் இயற்கையாகவே கிடைக்கின்றது.

3. சமநிலை

பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையோரத்து மண்டபம் ஒன்றை நினைத்துக்கொள்க. நூறு பேர் உள்ளே இருக்கின்றனர். நிமிஷத்திற்குப் பத்துப் பேர் நுழைகின்றனர். பத்துப் பேர் வெளியேறுகின்றனர். எப்பொழுது எண்ணினும் நூறு பேரே இருப்பர். ஆனால் இருந்தவரே இருப்பதில்லை. புறத்தே அசைவின்மையும் அகத்தே ஓயாத போக்குவரத்தும் உள்ள இந்நிலையே ரசாயனச் சமநிலையாகும். தெவிட்டிய கரைசலின் அடியில் கிடக்கும் உப்பும் இத்தகையதே. ஒரு புறம் கரைந்துகொண்டும் மறுபுறம் கரைசலினின்று படிந்துகொண்டும் இருக்கின்றது.

இனி, வெளியேறியவர்களை மீண்டும் நுழையவொட்டாமல் அப்பால் அனுப்பிக்கொண்டே இருந்து, புதிதாக வருவோரையும் தடுத்துவிட்டால் மண்டபம் காலியாகிவிடும். சமநிலையை நமக்கு வேண்டிய பக்கம் திருப்பும் உபாயம் இதுவே. விளைந்த பொருளை அகற்றினால் வினை முன்னோக்கிச் செல்லும். அகற்றாது விட்டால் நின்றுவிடும். மிகுதியாகச் சேர்ந்தால் பின்னோக்கியும் திரும்பும்.

ரசாயன வினைகள் இங்ஙனம் இருபுறமும் செல்லக்கூடும் என்னும் உண்மை ஓர் உவர் ஏரிக்கரையில் விளங்கியது என்பது நமக்கு வியப்பைத் தருவதாகும். 1798-ஆம் ஆண்டில் நெப்போலியனுடன் எகிப்து தேசம் சென்ற பெர்த்தொலே என்னும் பிரெஞ்சு ரசாயனர் அங்குள்ள நேட்ரன் ஏரிகளின் கரையில் சோடா உப்புப் படிந்திருக்கக் கண்டார். சோதனைச்சாலையில் சோடாவும் கால்சியம் குளோரைடும் கலந்தால் சுண்ணாம்புக்கல்லும் கறியுப்பும் உண்டாகும். ஏரிக்கரையிலோ கறியுப்பும் சுண்ணாம்புக்கல்லும் ஏராளமாக இருந்தமையால் அதே வினை பின்னோக்கித் திரும்பிச் சோடாவை உண்டாக்கியிருந்தது. பொருள்களின் அளவே வினையின் திசையை மாற்றும் என்று அவர் உணர்ந்தார். 1864-ஆம் ஆண்டில் நார்வே தேசத்து குல்டுபர்க், வாகே என்னும் இருவர் இதனைக் கணித விதியாக அமைத்தனர். 1884-ஆம் ஆண்டில் லெ ஷாட்லியே என்பார், சமநிலையிலுள்ள ஒன்றை நாம் எவ்வகையில் மாற்ற முயன்றாலும் அம்மாறுதலைத் தணிக்கும் பக்கமே அது நகரும் என்று பொதுவிதி வகுத்தார்.

4. களிமண்ணின் பண்டமாற்று

களிமண் துகள்கள் எதிர்மின் தன்மை உடையவை. ஆதலின் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், சோடியம் முதலிய நேர்மின் அயனிகளைத் தம் மேற்புறத்தில் பற்றிக்கொண்டிருக்கும். இப்பற்று நிரந்தரமானதன்று. மண்ணீரில் மற்றோர் அயனி மிகுதியாக வந்தால் பழையதை விடுத்துப் புதியதைக் களிமண் ஏற்கும். 1845-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நிலக்கிழார் தாம்சன் என்பவர் அம்மோனியம் சல்பேட் கரைசலை மண்ணின் வழியே வடித்தபோது அம்மோனியா மண்ணில் தங்கிவிட்டதையும், வடிந்த நீரில் ஜிப்சம் இருந்ததையும் கண்டார். 1850-ஆம் ஆண்டில் வே என்னும் ரசாயனர் இதனை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். நாம் இடும் உரம் முதல் மழையிலேயே முழுவதும் கரைந்து போய்விடாமல் இருப்பதற்கு இப்பண்டமாற்றே ஒரு முக்கிய காரணம்.

கால்சியம் பற்றிய களிமண் திரண்டு, பொலபொலவென்று, நீரையும் காற்றையும் உட்செல்ல விடும். சோடியம் பற்றிய களிமண்ணோ நனைந்தால் கூழாகிக் குழம்பும், உலர்ந்தால் கல்லாகும். நீர் உள்ளே இறங்காது. முளை மேலே வராது. இதுவே களர். மண்ணின் காரநிலை பி.எச். அளவில் 8½-க்கு மேற்பட்டும், களிமண் பற்றியுள்ள அயனிகளில் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் சோடியமாகவும் இருந்தால் அந்நிலம் களர் எனப்படும்.

உவர் நிலம் வேறு. அங்கே கரையும் உப்பு மிகுந்திருக்கும். ஆனால் களிமண் இன்னும் சோடியத்திற்கு அடிமையாகியிராது. நல்ல நீரைத் தேக்கி வடித்தாலே உவர் நீங்கும். களரும் உவரும் கலந்த நிலத்தில் ஜிப்சம் இடாமல் வெறும் நீரால் உப்பை மட்டும் கழுவினால் நிலம் முன்னிலும் கேடுறும் என்பதை மறத்தலாகாது.

5. கிணற்று நீரால் களர் உண்டாகும் விதம்

கருங்கற் பாறைகள் நாளடைவில் சிதையும்போது அவற்றிலுள்ள சோடியமும் கால்சியமும் நீரிற் கலக்கின்றன. மண்ணிலுள்ள வேர்களும் மக்கும் தழைகளும் விடும் கரியமில வாயு நீரிற் கரைந்து பைகார்பனேட்டாகின்றது. இத்தகைய நீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெண்மையான காறை படிவதை மாதர் அறிவர். கரியமில வாயு வெளியேறுவதால் சமநிலை திரும்பிக் கால்சியம் சுண்ணாம்புக்கல்லாகப் படிந்துவிடுவதே அதன் காரணம். அடுப்பின் மேல் ஒரு நாழிகையில் நிகழ்வது வயலில் வெயிலினால் மெல்ல நிகழ்கின்றது. கால்சியம் கரையாத கல்லாகி ஒதுங்கிவிட, எஞ்சிய நீரில் சோடியமே தனித்து ஓங்குகின்றது. நீர் மிகுந்திருக்கும்போது களிமண் கால்சியத்தையே விரும்பிப் பற்றும். நீர் வற்ற வற்றச் சோடியத்தின் கை ஓங்கும். ஆகவே வடிகாலின்றிப் பாய்ச்சிக் காயவிடும் நிலம் களராவது இயல்பே.

நீரில் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றுக்கு மேற்பட்டு எஞ்சும் கார்பனேட், பைகார்பனேட்டின் அளவைப் பரிசோதனை நிலையத்தார் ‘எஞ்சிய சோடியம் கார்பனேட்’ என்று குறித்துத் தருவர். அது லிட்டருக்கு 1¼ மில்லி ஈக்விவலென்டுக்கு உட்பட்டால் நீர் நன்று. 1¼ முதல் 2½ வரை எச்சரிக்கையுடன் பாய்ச்சலாம். 2½-க்கு மேற்பட்டால் திருத்தாமல் பாய்ச்சுதல் ஆகாது. திருத்தும் மருந்தும் ஜிப்சமே. ஓர் அலகைக் குறைக்க லிட்டருக்கு 86 மில்லிகிராம் தூய ஜிப்சம் வேண்டும். அஃதாவது ஏக்கருக்கு ஓர் அங்குல நீருக்கு 9 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. உதாரணமாக, 5 அலகுள்ள நீரை 2½ ஆக்கி மூன்று அங்குலம் பாய்ச்சுவதற்கு ஏறக்குறைய 66 கிலோ தேவைப்படும். ஜிப்சக் கட்டிகளைத் தொட்டியில் இட்டு, இறைக்கும் நீர் அவற்றின் மேல் ஓடி வாய்க்காலை அடையும்படி செய்தல் எளிய முறையாகும்.

6. ஜிப்சம் இட்டும் பயன் காணாமை ஏன்?

ஒரே வரப்பின் இருபுறமும் இரண்டு களர் நிலங்கள் உள்ளன என்று கொள்க. இரண்டிலும் ஏக்கருக்கு 2 டன் ஜிப்சம் இடப்பட்டது. ஒருவர் நிலம் திருந்தியது. மற்றவர் நிலம் திருந்தவில்லை. பின்னவர் ஜிப்சத்தையும் அதைச் சொன்ன உத்தியோகஸ்தரையும் நோவார். ஆனால் பிழை பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். நிகழ வேண்டிய வினை இது:

சோடியம் பற்றிய களிமண் + ஜிப்சம் ⇌ கால்சியம் பற்றிய களிமண் + சோடியம் சல்பேட்

நடுவிலுள்ள குறி இருபுறமும் செல்லும் என்பதைக் காட்டும். சோடியம் சல்பேட் நீரில் எளிதிற் கரைவது. அதனை வடிகால் வழியே அகற்றினால் வினை வலப்புறமாகவே சென்று முடியும். வடிகால் இல்லையேல் அது வயலிலேயே தங்கி, நீர் வற்றுங்கால் சோடியத்தை மறுபடியும் களிமண்ணிடம் ஒப்படைத்துவிடும். இட்ட ஜிப்சமும் செலவிட்ட பணமும் வீணாகும். மண்டபத்து வாயிலை அடைத்துவிட்டு உள்ளிருப்போரை வெளியேறச் சொல்வது போன்றதே வடிகாலின்றி ஜிப்சம் இடுதல்.

இரண்டாவது பிழை நீர்க்குறைவு. லிட்டருக்கு 2½ கிராமுக்குக் குறைவாகவே ஜிப்சம் கரையும் என்று கண்டோம். அக்கணக்கின்படி 1 டன் ஜிப்சம் தூய நீரிற் கரைய ஏக்கருக்கு 4 அங்குல உயரம் நீர் வேண்டும். களிமண் கால்சியத்தை உடனுக்குடன் பற்றிக்கொள்வதால் வயலில் இதனினும் சிறிது விரைவாகக் கரையும். எனினும் ஒரு நனைப்புப் போதாது. மூன்றாவது பிழை ஆழ உழுது ஜிப்சத்தைப் புதைத்துவிடுவது. அது மேல் நான்கு அங்குல மண்ணில் கலந்திருத்தலே போதும். கட்டிகளாக இல்லாமல் நன்கு பொடியாகவும் இருத்தல் வேண்டும்.

7. செய்முறை

கோடையில் பதம் பார்த்து உழுது, நிலத்தைச் சமன் செய்து, வரப்புகளை உயர்த்துக. பரிசோதனை நிலையத்தார் குறிக்கும் ஜிப்சத் தேவையில் பாதியளவைச் சீராகத் தூவி மேல்மண்ணிற் கலக்குக. நல்ல நீரைத் தேக்கிச் சேறு கலக்கி, ஊறவிட்டு, வடிகால் வழியே வடித்து, மறுபடியும் தேக்கி வடிக்குக. மழைநீரையும் ஏரி நீரையும் இதற்குப் பயன்படுத்துதல் மிகச் சிறந்தது. பிறகு நடவுக்குப் பத்துப் பதினைந்து நாட்களுக்கு முன் ஏக்கருக்கு 2 டன் பசுந்தழை இட்டு மிதித்து மக்கவிடுக. தக்கைப்பூண்டு களரிலும் வளரக்கூடியதாகலின் அந்நிலத்திலேயே விதைத்து மடக்கி உழலாம். தழை மக்கும்போது வெளிப்படும் கரியமில வாயு, மண்ணில் உறங்கிக் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லையும் கரைத்துக் கால்சியத்தை எழுப்பிவிடும். பாத்திரத்தில் காறை படிந்த வினையே இங்கு நமக்கு நன்மையாகத் திரும்புகின்றது.

முதற் பயிராக நெல்லைத் தேர்க. நீர் தேங்கி நிற்பதால் அது களரைப் பெரிதும் தாங்கும். திருச்சிராப்பள்ளியில் களர் நிலத்துக்கென வெளியிடப்பட்ட டி.ஆர்.ஒய். வரிசை நெல் ரகங்கள் ஏற்றவை. களரில் துத்தநாகம் கரையாத நிலையை அடைந்துவிடுவதால் ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலுடன் கலந்து தூவுதல் வேண்டும்.

யூரியா இடுவோர் ஒன்றைக் கவனித்தல் நலம். மண்ணில் அம்மோனியம் என்னும் உப்பு நிலையும் அம்மோனியா என்னும் வாயு நிலையும் சமநிலையில் உள்ளன. காரநிலை 7¼ ஆயின் நூற்றில் ஒரு பங்கே வாயு. 8¼ ஆயின் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 9¼ ஆயின் சரிபாதி. ஆகவே களர் நிலத்தின் மேற்பரப்பில் யூரியாவை ஒரே முறையாக இறைத்துவிட்டால் பெரும்பகுதி காற்றோடு போகும். சிறு தவணைகளாக இட்டு மண்ணுட் கலக்குக.

மணிலாக்கொட்டை பயிரிடுவோருக்கும் ஜிப்சம் வேண்டுவதே. காய்கள் தமக்கு வேண்டிய கால்சியத்தைத் தம்மைச் சூழ்ந்த மண்ணீரிலிருந்து நேரே பெறுகின்றன. விதைத்த 40 முதல் 45 நாட்களுக்குள் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ இடுக. மெல்லக் கரையும் இயல்பே இங்கு அதன் சிறப்பு. காய் முற்றும் வரை நின்று உதவும்.

8. வீட்டிலேயே செய்யத்தக்க ஒரு சோதனை

இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் மழைநீரை நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி வயல் மண்ணைப் பொடித்து இடுக. ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை ஜிப்சம் சேர்த்து இரண்டையும் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வைத்திருக்குக. ஜிப்சம் இடாத புட்டி கலங்கியே இருந்து, இட்ட புட்டி தெளிந்திருந்தால் மண்ணில் சோடியம் மிகுந்துள்ளது என்று ஐயுறலாம். இரண்டும் தெளிந்துவிட்டால் களரின் அறிகுறி இல்லை. எனினும் உவர் நிலத்து மண்ணும் தன் உப்பினாலேயே தெளியுமாதலின், உவர் பூக்கும் நிலத்துக்கு இச்சோதனை போதாது. இஃது அறிகுறி காட்டுமேயன்றி அளவு காட்டாது. அளவறிய மண்ணையும் நீரையும் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புதலே முறை. மண்ணை வயலின் பல இடங்களில் அரையடி ஆழம் வரை எடுத்துக் கலக்குக. கிணற்று நீரைப் பத்து நிமிஷம் இறைத்த பின், அந்நீராலேயே அலம்பிய புட்டியில் ஒரு லிட்டர் பிடிக்குக.

9. கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

வடிகால் என்பது தனியொருவர் வயலோடு முடிவதன்று. மேல்வயலின் சோடியம் கீழ்வயலில் இறங்கினால் ஒருவர் களர் மற்றவர் களராகும். ஆதலின் பொது வடிகால் வாய்க்கால்கள் தூர்ந்து போகாமலும் ஆக்கிரமிக்கப்படாமலும் காத்தல் ஊருக்கே கடமை. அடங்கலில் ஓராண்டு தரிசு என்று எழுதிய நிலத்தை மறு ஆண்டும் அங்ஙனமே எழுதும் முன், அது ஏன் தரிசாயிற்று, மண் பரிசோதிக்கப்பட்டதா, வடிகால் உண்டா என்று வினவுதல் பெருநன்மை பயக்கும்.

நினைவிற் கொள்ளத்தக்கவை

கிணற்று நீர் ஒரு கரைசல். நீர் போயினும் உப்பு நிற்கும்.

உவருக்கு நல்ல நீரும் வடிகாலும். களருக்கு அவற்றோடு ஜிப்சமும்.

ஜிப்சம் கரைய நீர் வேண்டும். டன்னுக்கு ஏக்கரில் 4 அங்குலம்.

வடிகால் இல்லையேல் வினை திரும்பும், செலவு வீணாம்.

பசுந்தழை மண்ணிலுள்ள சுண்ணாம்பை எழுப்பும்.

வள்ளுவர் கல்லாதாரைக் களருக்கு ஒப்பிட்டார். கல்வியினால் மனிதர் திருந்துவர் என்பது அவர் கருத்தாயின், தக்க முறையினால் களரும் திருந்தும் என்பது இப்பாடத்தின் முடிவாம்.